உறையாத தேன்

நான் ஓய்வு பெற்ற அன்று, அடுத்த மேசையில் இருக்கும் அஜிதா ஒரு கேள்வி கேட்டாள். ஒரு கடைக்காக ஒரு பதிவு எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று. சில சமயம் ஒன்றரை நாள் ஆகும் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே தன் கணினியை என் பக்கம் திருப்பினாள். ஒரு சிப்ஸ் கடையின் பெயரைத் தட்டியதும் இருபது பதிவுகள் வரிசையாக வந்து நின்றன. பிழை இல்லாத தமிழ்.

"இப்போ இதுவே எழுதிருது. அப்போ அந்த ஒன்றரை நாளும் நீங்க என்னதான் செஞ்சிய, அக்கா?"

தெரிந்துகொள்ளும் ஆசையோடுதான் கேட்டாள். கேக் வெட்டக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. நாகர்கோவிலில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடம் டைப் செட்டிங் செய்தேன். கல்யாணக் கார்டு, சபை ஆண்டறிக்கை, கடைத் திறப்பு நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் என் விரல் வழியாகப் போயின. பிறகு நோட்டீஸ்கள் எல்லாம் செல்போனுக்குள் போய்விட்டன. முதலாளி அச்சகத்தை மூடினார். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது.

அடுத்த மாதம் நஸீமா என்னைக் கூப்பிட்டார். கோட்டாறில் மசாலா வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். சின்னக் கடைகளுக்குச் சமூக வலைத்தளப் பக்கம் தொடங்கி நடத்திக் கொடுக்க வடசேரியில் ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்திருந்தார். என்னைவிடப் பதினாறு வயது இளையவர். எனக்கு அதிகாரி. முதல் நாள் மேடம் என்று கூப்பிட்டேன். பேர் சொன்னாலே போதும் என்றுவிட்டார். அவர் என்னை அக்கா என்பார்.

அன்று ஒரு நோட்டீஸைக் கையில் கொடுத்து, இதில் என்ன குறை என்று கேட்டார். நான் இரண்டு ஒற்றுப்பிழையும் ஒரு தவறான பின்கோடும் கண்டுபிடித்துப் பெருமையாக நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "படிச்சதும் இந்தக் கடைக்குப் போகணும்னு தோணிச்சா, அக்கா?"

ஆயிரக்கணக்கில் நோட்டீஸ் அச்சுக் கோத்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

நஸீமா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எழுதியதைக் கொண்டுபோனால் கடையின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படிப்பார். வேறு எந்தக் கடையின் பெயரைப் போட்டாலும் பொருந்தும் என்றால் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். அவ்வளவுதான். முதல் ஆறு மாதத்தில் எத்தனை தாள் திரும்பி வந்தது என்று எனக்கே தெரியாது.

அவருடைய இன்னொரு ஏற்பாடு ஸ்டூல். புதிதாக ஒரு கடை வந்தால் முதலில் யாரும் ஒரு வரி எழுதக் கூடாது. நான் அந்தக் கடையில் ஒரு நாள் முழுக்க ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும். வருகிறவர்கள் கடைக்காரரிடம் சொல்லும் முதல் வாக்கியத்தை மட்டும், அவர்கள் சொன்னபடியே நோட்டில் எழுத வேண்டும். சாயங்காலம் அதை நஸீமாவிடம் வாசிக்க வேண்டும்.

பூதப்பாண்டியில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் சுப்பையா அண்ணாச்சியின் கடையில்தான் இந்த ஏற்பாட்டின் அருமை எனக்குப் புரிந்தது. அதற்கு முன் அவருக்காக 'அனைத்து வகை மிக்சிகளும் சிறந்த முறையில்' என்று எழுதி, கட்டைவிரலுக்குத் தோற்றிருந்தேன். கடையில் உட்கார்ந்த அன்று பதினோரு பேர் வந்தார்கள். அதில் எட்டுப் பேர் பையைத் திறக்கும் முன்பே சொன்னது ஒரே வாக்கியம்: "அண்ணாச்சி, இது இனி ஓடுமா?"

அந்தக் கேள்வியையே பக்கத்தின் தலைப்பாக்கினோம். தினம் ஒரு மிக்சியின் படம். கீழே அண்ணாச்சியின் தீர்ப்பு: ஓடும், அல்லது ஓடாது. ஓடாது என்று போட அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. வந்த ஆளை வெளியே போகச் சொல்வதா என்று என்னிடம் கோபப்பட்டார். நஸீமா நேரில் வந்து, ஒரு வாரம் மட்டும் போட்டுப் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்று கேட்டுக்கொண்டார். ஐந்தாம் நாள், 'மோட்டார் கருகிவிட்டது, இது ஓடாது, புதிது வாங்குங்கள்' என்று ஒரு தீர்ப்பு வந்தது. அதைப் பார்த்துவிட்டு சுசீந்திரத்திலிருந்து ஓர் அம்மாள் இரண்டு பஸ் மாறி மூன்று மிக்சியோடு வந்து இறங்கினார். ஓடாததை ஓடாது என்று சொல்கிற ஆள் ஓடும் என்றால் நம்பலாமே என்றாராம். அதன்பின் அண்ணாச்சி எங்களிடம் எதையும் மறுக்கவில்லை.

ஆரல்வாய்மொழியில் ஒரு மீன் சாப்பாட்டு மெஸ் உண்டு. சாப்பாடு நன்றாகவே இருக்கும். ஆனால் அவர்கள் பக்கத்தில், இப்படி ஒரு கடையே இல்லை என்று பலர் எழுதிக்கொண்டே இருந்தார்கள். எழுதுகிறவர்களுக்கு என்ன பகையோ என்று மெஸ்காரருக்கு வருத்தம். நான் பஸ்ஸில் போய் இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல் செல்போன் மேப் சொல்கிற பக்கமே நடந்தேன். புடவை காற்றில் நிற்கவில்லை. அரை மணி நேரத்தில் ஒரு காற்றாலையின் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றேன். பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த காவலாளி, நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார்: "மீன் சாப்பாடா? வந்த வழியே திரும்பிப் போங்க." தினமும் மத்தியானம் இப்படி யாராவது வந்து நிற்பார்களாம். அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒரு விடுமுறை நாளில் அவரே போய்ச் சாப்பிட்டிருக்கிறார். மேப்பில் புள்ளி தப்பான இடத்தில் இருந்தது, மாற்றினோம். வேலை ஐந்து நிமிடம். போய்ப் பார்க்காமல் இருந்திருந்தால் நான் அந்த மெஸ்ஸின் அயிரை மீன் குழம்பைப் புகழ்ந்து இன்னும் பத்துப் பதிவு எழுதியிருப்பேன்.

அஜிதா, இனி சொல்லப்போவது எனக்கு மிகவும் கடினமாக இருந்த காரியம்.

குலசேகரத்துக்குப் பக்கத்தில் மேரி புஷ்பம் என்று ஒருத்தி. ஐம்பது வயதிருக்கும். ரப்பர் தோட்டங்களில் தேனீப் பெட்டி வைத்திருந்தாள். தன் பெட்டித் தேனோடு அக்கம்பக்கத்தாரின் தேனையும் வாங்கி, பாட்டிலில் அடைத்து, கூரியரில் வெளியூர்களுக்கு அனுப்புவாள். கூட இரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். அவளுடைய பக்கத்தை நாங்கள்தான் நடத்தினோம். நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மார்கழி மாதம் பெங்களூரிலிருந்து ஒருவர் வீடியோ போட்டார். புஷ்பத்தின் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்க்கிறார். அடியில் வெள்ளையாக உறைந்திருப்பது அசையாமல் நிற்கிறது. கரண்டியால் சுரண்டி எடுத்து, குருணை குருணையாக இருப்பதைக் காட்டி, பாருங்கள், சுத்தத் தேன் என்று சர்க்கரையை விற்கிறார்கள் என்கிறார். இரண்டு நாளில் அது எங்கெங்கோ போய்விட்டது. எங்கள் பக்கத்தின் கீழே வசவுகள். அனுப்பிய பார்சல்கள் திரும்பி வந்தன. மூன்றாம் நாள் புஷ்பம் ஒரு துணிப்பையில் நாலு பாட்டிலோடு அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கூட வேலை செய்யும் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள்.

எங்களோடு இருந்த ஜோஸ் அதற்குள் பதில் எழுதி வைத்திருந்தான். குளிரில் நல்ல தேன் உறையும், ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், இது இயற்கை என்று. படத்தோடு தயார். நஸீமா படித்தார்.

"இது நமக்குத் தெரியுமா, இல்ல நம்புறோமா?"

இணையத்தில் எல்லா இடத்திலும் இருக்கிறது என்றான் ஜோஸ். அந்த வீடியோக்காரரும் தான் சொன்னதை இணையத்தில்தான் பார்த்திருப்பார் என்றார் நஸீமா. பிறகு என் பக்கம் திரும்பினார். மறுநாள் காலை நான் குலசேகரம் பஸ்ஸில் இருந்தேன்.

மூன்று நாள் போய்வந்தேன். அதுவரை தேன் என்றால் பூ என்றுதான் நினைத்திருந்தேன். புஷ்பம் ஒரு ரப்பர் மரத்தின் தாழ்ந்த கிளையைப் பிடித்து, "பூவில இல்ல அக்கா, இங்கயாக்கும்" என்று இலைக்காம்பின் நுனியைக் காட்டினாள். மரம் இலை உதிர்த்துவிட்டுத் தளிர் விடும்போது அந்த இடத்தில் இனிப்பு கசியுமாம். தை கடைசியிலிருந்து இரண்டு மூன்று மாதம் தேனீ அதை எடுக்கும். மழைக்காலத்தில் எடுக்க ஒன்றுமே இருக்காது. அப்போது பட்டினி கிடந்து சாகாமல் இருக்க சர்க்கரைப் பாகு வைத்துக் காப்பாற்ற வேண்டும். தளிர் வந்ததும் பாகை நிறுத்திவிட வேண்டும். அறைகளைத் தேனீ மெழுகால் மூடிய பிறகுதான் தேன் எடுக்க வேண்டும். மூடாததை எடுத்தால் தண்ணீராக இருக்கும். இதையெல்லாம் ஒரு பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, கையில் தேனீ ஊர ஊர நிதானமாகச் சொன்னாள். நான் பத்தடி தள்ளி நின்று எழுதிக்கொண்டேன்.

கொட்டகையில் தேன் கேன்கள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் யாருடைய தோட்டம், எந்த மாதம் என்று சாக்கட்டியால் எழுதியிருந்தாள். பெங்களூருக்குப் போன பாட்டில் எந்தக் கேனிலிருந்து என்று பில் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தோம். அதிலிருந்து ஒரு பாட்டிலும், வேறு இரண்டு கேன்களிலிருந்து ஒவ்வொன்றும் பரிசோதனைக்கு எடுத்துவைத்தோம். எல்லாக் கேன்களிலும் அடியில் கொஞ்சமாவது உறைந்திருந்தது. ஒன்றில் மட்டும் இல்லை. சாய்த்தால் கண்ணாடி போல ஓடியது. இது மட்டும் ஏன் உறையவில்லை என்று கேட்டேன்.

"அது எனக்க அண்ணனுக்க பெட்டித் தேன்" என்றாள். இருப்பதிலேயே அதுதான் முதல்தரம், கேட்டு வாங்குகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பேன் என்றாள். அதிலும் ஒரு பாட்டில் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன். தாராளமாக எடுங்கள், அந்த ஆள் வெட்கப்பட்டுப் போகட்டும் என்று அவளே ஊற்றிக் கொடுத்தாள்.

நான்கு பாட்டில்களும் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. பக்கத்தில் நஸீமா இவ்வளவுதான் போடச் சொன்னார்: 'வீடியோவைப் பார்த்தோம். எங்கள் தேனைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு எதுவாக இருந்தாலும் இங்கே போடுவோம்.' போடுவதற்கு முன் புஷ்பத்துக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். எதுவாக இருந்தாலும் என்பதில் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, எனக்கு என்ன பயம், போடுங்கள் என்றாள்.

பன்னிரண்டாம் நாள் காலை முடிவுகள் மெயிலில் வந்தன. வீடியோவில் வந்த தேன் சுத்தம். மற்ற இரண்டும் சுத்தம். உறையாமல் கண்ணாடி போல இருந்ததே, அதில் சர்க்கரை இருந்தது.

அஜிதா, அன்று நான் ஒரு தப்பு செய்தேன். உடனே புஷ்பத்தைப் போனில் கூப்பிட்டு, வீடியோவில் வந்த தேன் சுத்தம் என்று முடிவு வந்திருக்கிறது என்று சொன்னேன். அவள் அழுதாள். மற்றதெல்லாம் என்று கேட்டாள். மற்ற இரண்டும் நன்றாக இருக்கிறது என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அனுப்பியது நான்கு என்பது அவளுக்குத் தெரியும், சந்தோஷத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். அப்படியே போனை வைத்துவிட்டேன். மத்தியானத்துக்குள் அவள் ஊர் முழுக்கச் சொல்லி, அந்த இரண்டு பெண்களையும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டாள்.

நஸீமா நான்காவது தாளைப் பார்த்துவிட்டு, சொல்லியாச்சா என்று கேட்டார். இல்லை என்றேன். தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, "வாங்க அக்கா, போனில சொல்லுற காரியம் இல்ல" என்றார்.

கொட்டகையில் அந்தத் தாளை நான்தான் புஷ்பத்திடம் கொடுத்தேன். படித்து முடித்து என்னைப் பார்த்தாள்.

"காலத்தே நீங்க இத பறைஞ்சிருக்கணும்."

ஆமாம், காலையில் போனிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

அவள் அண்ணன் தங்கராஜின் வீடு இரண்டு தோட்டம் தாண்டி. மூன்று பேரும் நடந்தே போனோம். அவர் ரப்பர் ஷீட்டை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கோபப்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்த வருடம் தன் தோட்டத்தில் தளிர் விடத் தாமதமானது, தேனீக் கூட்டம் செத்துவிடுமே என்று பாகை நிறுத்தாமல் வைத்தேன், முதல் தடவை எடுத்த தேனை அப்படியே கொடுத்துவிட்டேன் என்றார். பிறகு அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"தேனீ எடுத்தது, தேனீ வச்சது, தேனீ மூடினது. நான் என்னத்தக் கலக்கினேன்?"

அவர் தப்பித்துக்கொள்ளப் பேசுகிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே கேட்டார். பஸ்ஸில் திரும்பும்போது நஸீமாவும் நானும் அதையே பேசிக்கொண்டு வந்தோம். தளிரிலிருந்து எடுத்தாலும் பாகுத் தட்டிலிருந்து எடுத்தாலும் தேனீ செய்கிற வேலை ஒன்றுதான். எந்த இடத்தில் அது தேன் இல்லை என்று ஆகிறது? ஆனால் புஷ்பத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை. நீ கலக்கவில்லை அண்ணா என்றுதான் அங்கேயே அவரிடம் சொல்லியிருந்தாள். "ஆனா பாட்டில்ல ஒட்டியிருக்கது எனக்க பேராக்கும்."

பிறகு மூன்று நாள் அவள் போனை எடுக்கவில்லை.

அலுவலகத்தில் வாக்குவாதம் நடந்தது. குற்றம் சொன்னது ஒரு பாட்டிலை, அது சுத்தம் என்று தெரிந்துவிட்டது, அந்தத் தாளைப் போடுவோம், நான்காவது கேனைச் சத்தமில்லாமல் கொட்டிவிடச் சொல்வோம் என்றான் ஜோஸ். அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னாலும் முடியவில்லை. புஷ்பத்தின் வியாபாரம், முடிவு அவளுடையது என்றார் நஸீமா. ஆனால் எதுவாக இருந்தாலும் போடுவோம் என்று எழுதியது நாம், பாதியைப் போடவேண்டும் என்றால் அவள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். ஒரு நல்ல வாடிக்கையாளரை இழக்கப்போகிறோம் என்றே நானும் நினைத்தேன்.

நான்காம் நாள் புஷ்பம் வந்தாள். பில் புத்தகத்திலிருந்து, அண்ணனின் கேனில் இருந்து தேன் போன வீட்டு விலாசங்களை ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அறுபதுக்கு மேல். எல்லோருக்கும் சொல்லவேண்டும், பக்கத்திலும் போடவேண்டும் என்றாள். நான் இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதி வாசித்தேன். தளிர், மழை, பாகு, மெழுகு எல்லாம் அழகாக வந்திருந்தது. கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"இத்தன வார்த்தை கள்ளம் செய்தவங்களுக்காக்கும் வேணும், அக்கா."

அவள் தேனீப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி தானே பேசினாள். ஜோஸ் போனில் பிடித்தான். வீடியோவில் காட்டிய தேன் உறைந்தது, சர்க்கரையால் இல்லை, இதோ தாள். ஆனால் இன்னொரு கேனில் சர்க்கரை இருந்தது, அதற்கும் இதோ தாள். அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, நாங்களே சோதித்தபோது தெரிந்தது. என் அண்ணன் பெட்டியிலிருந்து வந்தது, நான் பார்க்காமல் விட்டேன். அந்தத் தேன் வாங்கியவர்களுக்கு வேறு தேன் அனுப்புகிறேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அண்ணன் என்று சொன்னது வேண்டாம், அதை மட்டும் வெட்டிவிடுவோமா என்று கேட்டேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன் என்றாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். சிலர், பார்த்தீர்களா, தானே ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று அந்தப் பாதியை மட்டும் வெட்டி மறுபடி பரப்பினார்கள். பழைய வாடிக்கையாளர்களில் பலர் திரும்பவில்லை. பெங்களூர்க்காரர் தன் வீடியோவை ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துவிட்டார். ஆனால் மாசி மாதப் புதுத் தேன் வந்தபோது, உறையும் தேன்தான் வேண்டும் என்று கேட்டு எழுதியவர்கள் இருந்தார்கள், பழைய வேகத்தில் இல்லாவிட்டாலும் வேலை மறுபடி தொடங்கியது. அந்த இரண்டு பெண்களும் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். தங்கராஜ் ஒரு வருடம் தங்கைக்குத் தேன் தரவில்லை. அடுத்த வருடம் மெழுகு மூடிய தேனடைச் சட்டங்களை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, நீயே எடுத்துக்கொள் என்று அவள் முன்னால் வைத்தாராம்.

அந்த அறுபது சொச்சம் பேரிடமிருந்து வந்த பதில்களுக்கு நான்தான் பதில் எழுதினேன். புஷ்பம் சொல்லச் சொல்ல அவளுடைய கொட்டகையிலேயே உட்கார்ந்து எழுதுவேன். ஒரு நாள் சேலத்திலிருந்து ஓர் அம்மாவின் செய்தி வந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பாட்டில் எப்போதோ தீர்ந்துவிட்டது, வேறு அனுப்ப வேண்டாம், சொன்னதே போதும் என்று எழுதியிருந்தார். கீழே இன்னொன்றும் இருந்தது: உங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு என் மகள் ஒன்று கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை: நாம் வைப்பது சர்க்கரை என்று தேனீக்குத் தெரியுமா?

வாசித்துக் காட்டினேன். புஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாள். பெட்டியின் வாசலில் குனிந்து, உள்ளே போவதையும் வருவதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வருடமாகத் தேனீ வளர்க்கிறவள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அறியாதுன்னு எழுதுங்க, அக்கா."

நான் 'தெரியவில்லை' என்று தட்டினேன். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். எத்தனையோ கடைகளுக்காக எவ்வளவோ எழுதியிருக்கிறேன், ஒரு கடையின் பெயரில் அந்தச் சொல்லை எழுதியது அதுதான் முதல் தடவை.